பிளாட்பாரத்தில் வைத்த பத்திரிகை

திருச்சிக்கு நான் கோயில் பார்க்கப் போகவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். அதுவும் ஒரே ஒரு பத்திரிகை. கோலாலம்பூரிலிருந்து கிளம்பிய விமானத்தில் பக்கத்து சீட்டு இளைஞரிடம் இதைச் சொன்னபோது, "போன்லயே அனுப்பியிருக்கலாமே ஆன்டி?" என்றார். பாவம், அவருக்கு எங்கள் தனம் அண்ணியைத் தெரியாது.

தனம் அண்ணி என் கணவரின் மூத்த அக்கா. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் கிள்ளானில் பிறந்து, கிள்ளானில் வளர்ந்து, அத்தை மகனைக் கட்டிக்கொண்டு திருச்சிப் பக்கம் தொட்டியத்துக்கு வந்துவிட்டவர். அந்த அத்தை மகன்தான் சுந்தரம் அண்ணன். வாழைத் தோட்டக்காரர், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அண்ணி பேசிவிடுவார்.

நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது என் கணவர் மாணிக்கம், அழைப்பிதழைப் படம் எடுத்து அக்காவுக்குப் போனில் அனுப்பினார். அக்காவும் போனிலேயே ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பி வாழ்த்தினார். வருகை அத்தோடு சரி. "அழைக்கிற மொறையில அழைச்சா வருவேன்" என்று மட்டும் பிறகு ஒரு நாள் சொன்னார். முறை என்றால், தாம்பூலத் தட்டோடு நேரில் வர வேண்டும், புருஷன் பெண்டாட்டி இருவரையும் சேர்த்துக் கிழக்கு பார்த்து நிற்கவைத்துக் கொடுக்க வேண்டும்.

இப்போது நடக்கப்போவது எங்கள் ஒரே மகள் யாழினியின் கல்யாணம். எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்கு முதல் நலங்கை அத்தைதான் வைப்பார். சின்ன வயதில் பள்ளி விடுமுறைகளில் தொட்டியத்துக்குப் போய் அத்தை மடியிலேயே கிடந்தவள் அவள். "அத்தை வரலன்னா எனக்கு நலங்கே வேணாம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாணிக்கத்துக்கு முட்டி வலி. விமானத்தில் காலை மடக்கி உட்கார முடியாதாம். எங்கள் சாப்பாட்டுக் கடையில் மட்டும் நாள் முழுக்க, பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் போடுகிற கல் முன்னால் நிற்க முடியுமாம்! சரிதான் போ என்று நானே கிளம்பினேன்.

விமானம் தரை இறங்கிப் போனை ஆன் செய்ததும் அண்ணியின் குரல் வந்து விழுந்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் செய்த டாக்டர் திடீரென்று வரச்சொன்னதால் இருவரும் சென்னையில் இருக்கிறார்களாம். அங்கிருந்து நேராக மதுரை. அண்ணனுடைய தங்கை பேத்திக்குக் காது குத்து, இவர்கள் சீர் கொண்டுபோகாமல் நடக்காது. நான் திரும்பிப் போகிற அன்று சாயங்காலம் அவர்கள் ரயில் திருச்சியைத் தாண்டிப் போகும்.

"அப்போ நான் என்ன அண்ணி செய்யறது?"

"ரயிலு ஸ்ரீரங்கத்துலயும் நிக்கும். ஆனா நின்னதும் தெரியாது, போனதும் தெரியாது. ஜங்ஷன்ல கொஞ்சம் நிதானமா நிக்கும். நாங்க எறங்கி நிக்கிறோம். நீ அங்க வந்து வச்சுடு."

"ஒரு ரயிலை விட்டுட்டு அடுத்த ரயில்ல போகக்கூடாதா?"

"சீர் சாமான் அத்தனையும் கையில இருக்கு லெச்சுமி. ரிசர்வேஷனை விட்டுட்டு எங்க போய்த் தொங்குறது?"

போச்சுடா என்று ஆகிவிட்டது எனக்கு. கடல் தாண்டி வந்து, கடைசியில் ஒரு ரயில் நிற்கிற நேரத்துக்குள் மகளின் நலங்கைக் காப்பாற்ற வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தேன். காலையில் எதிர்க்கடையில் வெண்பொங்கலும் வடையும். பொங்கலில் மிளகு முழுசாக, நெய் இலையிலேயே தேங்கி நின்றது. கடைக்காரி என்ற முறையில் எனக்கு யாருடைய சமையலையும் சுலபத்தில் பாராட்ட வராது. அன்று பாராட்டினேன். காப்பி மட்டும் ஒரு வாயில் முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் தே தாரிக், அதாவது ஆற்றிய டீ, கேட்டால் குவளை நிறையத் தருவோம். இங்கே அந்த டபராவுக்குள் பார்த்தால் என் முகம்கூட முழுசாகத் தெரியவில்லை.

மறுநாளைக்கு ஒத்திகை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலிருந்து பாசஞ்சர் ரயிலில் ஜங்ஷனுக்குப் போவது, நின்று பார்ப்பது, திரும்புவது. லால்குடிப் பக்கமிருந்து வந்த ரயிலில் காலை நேரத்தில் காற்றுகூட நின்றுகொண்டுதான் பயணம் செய்யும் போலிருந்தது. கீரைக்கட்டும் தயிர்ப்பானையுமாகப் பெண்கள், காலேஜ் பிள்ளைகள், பொன்மலை ரயில்வே பட்டறைக்குச் சாப்பாட்டுப் பையோடு போகிறவர்கள். என்னைப் பார்த்ததும் ஓர் அம்மாள், "இப்படி ஒண்டிக்குங்க" என்று பாதி இடம் தந்தார். அந்தப் பாதியில் நான் கால்வாசிதான் அடங்கினேன்.

காவிரிப் பாலம் வந்தது. தண்ணீர் கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது. அதுவரை சீட்டு விஷயத்தில் ஒருவரோடொருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். தினம் பார்க்கிற ஆறுதானே? அன்றுதான் புதிதாக வந்ததுபோல் பார்த்தார்கள். "முக்கொம்பு அணையில நல்லா தொறந்து விட்டிருக்காங்க" என்று ஒருவர் சொல்ல, பெட்டியே அவரவர் வீட்டு நல்ல சேதி மாதிரி தலையாட்டியது. எனக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு செய்தேன். பாலம் தாண்டி ரயில் நின்ற இடத்தில் திருச்சிராப்பள்ளி டவுன் என்று பலகை இருந்தது. டவுன் என்றால் ஊர்தானே என்று இறங்கிவிட்டேன். ரயில் போனதும் பார்த்தால், ஜங்ஷன் என்று சொல்லக்கூடிய ஒன்றுமே அங்கே இல்லை. பெஞ்சில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார்.

"இது டவுனுங்க. கோட்டை ஸ்டேஷன் வேற. பாலக்கரை வேற. பொன்மலை வேற. நீங்க கேக்குறது ஜங்ஷன். ஆட்டோ புடிங்க."

ஓர் ஊருக்கு இத்தனை ஸ்டேஷனா! நல்லவேளை, ஒத்திகையிலேயே இந்தக் கூத்து நடந்து முடிந்தது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ரொம்ப சீக்கிரமாக மெச்சிக்கொண்டேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

ஜங்ஷன் வேறு மாதிரி இடம். தஞ்சாவூர் தடம், மதுரைத் தடம், காரைக்குடித் தடம், கரூர்த் தடம், சென்னைத் தடம் எல்லாம் வந்து முட்டிக்கொள்கிற முற்றம் அது. ஒரு பிளாட்பாரத்தில் வாழை இலைக் கட்டுகள் இறங்குகின்றன, அடுத்ததில் ராமேஸ்வரம் போகிற வடநாட்டுக் கூட்டம் ஏறுகிறது. சப்வேக்குள் இறங்கினால் யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். எங்கள் கிள்ளான் ஸ்டேஷனில் அட்டையைத் தட்டினால் கதவு திறக்கும், ரயில் வரும், ஏறுவோம், அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு போவோம். யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை. இங்கே பிளாட்பாரம் டிக்கெட் வாங்க நின்ற வரிசையிலேயே முன்னால் நின்றவர் என் மகளுக்கு மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டு முடித்துவிட்டார்.

சாயங்காலம் அந்த ரயில் வருகிற நேரம் வரை அங்கேயே சுற்றினேன். நான் மறுநாள் நிற்க வேண்டிய பிளாட்பாரத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கையில் பெட்டி இல்லாத கூட்டம் ஒன்று அங்கே நின்றது. ஆளுக்கொரு கூடை, தூக்கு, துணிப்பை. ரயில் வந்து நின்றதும் ஓடினார்கள். கதவுகளிலும் ஜன்னல்களிலும் பொட்டலங்கள் ஏறின. கூடவே நலம் விசாரிப்பு, குழந்தைக்கு முத்தம், ஒரு சின்னச் சண்டைகூட. ரயில் நகர்ந்ததும் காலிப் பையை உதறி மடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

என் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் இது என்ன என்று கேட்டேன். பெயர் கலைச்செல்வி. திருவெறும்பூர்க்காரர், கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை.

"திருச்சியில வாக்கப்பட்டா இது ஒரு வேலைங்க. மெட்ராஸ்ல இருந்து மதுர போனாலும், திருநெல்வேலி போனாலும் சொந்தக்காரங்க நம்மளத் தாண்டித்தான் போகணும். கையில சாப்பாடு குடுக்காம அனுப்பிட்டா, அப்புறம் ஒரு கல்யாண வீட்டுல தல காட்ட முடியுமா? இன்னிக்கு என் நாத்தனாருக்கு. நாளைக்கு இதே ரயில்ல எங்க சின்ன மாமனார் போறாரு, அவருக்கு."

"என்ன கொடுத்தீங்க?"

"இட்லிதான். பொடி தடவி, நல்லெண்ணெய் ஊத்தி, எலையில மடிச்சாச்சு. தயிர் சாதம் தனியா."

மீந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்து எனக்கு நீட்டினார். அந்த இட்லியைப் பற்றி ஒன்று சொல்கிறேன்: ஆறிப்போன இட்லி அவ்வளவு நன்றாக இருக்கும் என்று என் கடையில் யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். பொடி உள்ளே ஊறி, எண்ணெய் மினுங்கி, இலை வாசனையோடு... சாப்பிட்டுவிட்டு விரலையும் விடவில்லை.

பத்திரிகை விஷயத்தைச் சொன்னேன். கலைச்செல்வி சிரிக்கவில்லை. மிகவும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். "ஜன்னல் வழியா குடுத்துடாதீங்க, மொறையில்ல. கதவுகிட்ட நில்லுங்க. எந்தப் பெட்டி எங்க நிக்கும்னு மேல போர்டுல வரும். நானும் இருப்பேன், கவலப்படாதீங்க" என்றார்.

மறுநாள் ஸ்ரீரங்கம் கடைவீதியில் தட்டுக்கு வேண்டியதை வாங்கினேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமச் சிமிழ், தேங்காய், ஒரு சீப்புப் பூவன் பழம், பூ. அறையில் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு, புதுப் பட்டைக் கட்டிக்கொண்டு, தட்டை ஏந்தி ஜங்ஷனுக்குப் போய்ச் சேர்ந்தேன். பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்த டீக்காரர், "என்னம்மா, இஞ்சினுக்குப் பூசையா?" என்றார். "ஆமாங்க, நல்லபடியா வந்து நிக்கணுமே" என்றேன். கலைச்செல்வி தன் கூடையோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஒலிபெருக்கி ஆரம்பித்ததும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படி அடிக்கவில்லை.

ரயில் வந்தது. பெட்டி சரியாக என் முன்னால் நின்றது. கதவில் சுந்தரம் அண்ணன், கறுப்புக் கண்ணாடியோடு, சினிமா நடிகர் மாதிரி.

"அண்ணே! வாங்க வாங்க! அண்ணி எங்க?"

"பாத்ரூம் போயிருப்பா லெச்சுமி. வந்துடுவா."

நின்றோம். கலைச்செல்வி ஓடிப்போய்ச் சின்ன மாமனாருக்குச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டார். அண்ணியைக் காணோம்.

உள்ளேயிருந்து ஒரு பயணி தலையை நீட்டினார். "சார், உங்க வீட்டம்மா ஸ்ரீரங்கத்துல எறங்கினாங்களே. பூ வாங்கிட்டு வரேன்னாங்க. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"நான் எங்கய்யா பாத்தேன்? நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்!"

அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அண்ணி சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். இவர் தூக்கத்தில் தலையாட்டியிருக்கிறார்.

நான் அண்ணியின் எண்ணுக்கு அடித்தேன். அண்ணனின் பைக்குள்ளிருந்து மணி அடித்தது. அண்ணன் பையைத் திறந்து போனை எடுத்து, "லெச்சுமி கூப்பிடுது" என்று என்னிடமே காட்டினார்.

"எறங்குங்கண்ணே!" என்று கத்தினேன். அதற்குள் கலைச்செல்வி பெட்டிக்குள் ஏறிவிட்டார். ஒரு பை, இன்னொரு பை, சீர் வரிசைக் கூடை, குத்துவிளக்குப் பொட்டலம் என்று உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக வர, பயணிகள் கைமாற்றிக் கொடுக்க, டீக்காரர் வாங்கி அடுக்கினார். நான் தட்டைக் கீழே வைக்க மனமில்லாமல் ஒரு கையால் மட்டும் இழுத்தேன். கடைசியாகக் கலைச்செல்வி குதித்தார். ரயில் நகர்ந்தது. சின்ன மாமனார் ஜன்னலில் கையாட்டியபடியே போனார்.

பிளாட்பாரத்தில் நாங்களும் மூட்டைகளும் மிஞ்சினோம். தட்டு இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, அண்ணனும் இருக்கிறார். அண்ணி இல்லை. இன்னும் சில மணி நேரத்தில் எனக்கு விமானம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாழினி கதவைச் சாத்திக்கொண்டதுதான் ஞாபகத்தில் நின்றது.

அப்போது என் போன் அடித்தது. மாணிக்கம், கிள்ளானிலிருந்து.

"லெச்சுமி, அக்கா ஸ்ரீரங்கம் ஸ்டேஷன்ல நிக்குது!"

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"அக்கா போன் போட்டுச்சு. யாரோ ஒரு மாமி போன்லருந்து. அதுக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பர் நம்ம கடை நம்பர்தான்!"

கல்யாணமாகிப் போன நாளிலிருந்து தம்பியைக் கூப்பிட அண்ணி டயலைச் சுற்றிச் சுற்றிப் பழகிய எண். நாங்கள் கடையை இடம் மாற்றியபோதும் அந்த எண்ணை மட்டும் மாற்றவில்லை.

"நான் இங்க ரொட்டி போட்டுக்கிட்டு நிக்கிறேன், நீங்க ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு என் வழியா பேசுறீங்க" என்று அலுத்துக்கொண்டார் மாணிக்கம்.

"அண்ணியை அங்கேயே நிக்கச் சொல்லுங்க! அந்த இடத்தை விட்டு அசையக்கூடாதுன்னு சொல்லுங்க!"

"சொல்லிட்டேன். அது ஜங்ஷனுக்கு பஸ் ஏறப் போறேன்னுச்சு. நான் ஒரு அதட்டுப் போட்டேன்."

அக்காவை அவர் அதட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கலைச்செல்வி ஆட்டோ பேசி ஏற்றிவிட்டார். "வச்சுட்டு எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது" என்று தன் எண்ணை என் போனில் போட்டுக்கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருவர் எனக்காகப் பதறியதை இப்போது நினைத்தாலும் மனம் இளகிவிடுகிறது.

ஆட்டோவில் மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் செருகப்பட்டிருந்தோம். சாயங்கால நெரிசல். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு திருப்பத்தில் என் தட்டிலிருந்த தேங்காய் உருண்டு, முன்னால் போய், டிரைவரின் காலடியில் நின்றது. "யம்மா! பிரேக்குக்கு அடியில தேங்காய் உருட்டுறீங்களே!" என்று அவர் அலறி, குனிந்து எடுத்துப் பின்னால் நீட்டினார். பிறகு விஷயம் தெரிந்ததும் அவரே வேகம் எடுத்தார். "பாலத்த தாண்டிட்டா பறந்துடலாம், உக்காருங்க."

காவிரிப் பாலத்தில் அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்கண்ணே, டாக்டர் திட்டுவாரு."

"அவளத் தனியா எங்கயும் விட்டதில்ல லெச்சுமி. கடல் தாண்டி நம்மள நம்பி வந்த பொண்ணு" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மெல்லச் சுதாரித்துக்கொண்டு, தட்டிலிருந்த சீப்பைத் தடவிப் பார்த்தார். "இது எங்க பக்கத்துப் பூவன்தான்" என்றார்.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நாங்கள் ஓடிப்போனபோது அண்ணி பெஞ்சில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பந்து மல்லிகைச் சரம். பக்கத்தில் போன் கொடுத்த மாமி, சென்னை ரயிலுக்குக் காத்திருந்தவர். இருவரும் அதற்குள் உயிர்ச் சிநேகிதிகள் ஆகியிருந்தார்கள்.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க அண்ணி!" என்று கேட்டுக்கொண்டே நான் அழுதுவிட்டேன்.

"பின்ன? பத்திரிக வைக்க வர்றவளுக்குப் பூ குடுக்காம வெறுங்கையோட வாங்குறதா? ஜங்ஷன்ல எறங்கித் தேட நேரம் இருக்காதேன்னு இங்க எறங்கினேன். பூக்காரம்மா ஒரு முழம் அளக்குறதுக்குள்ள ரயிலு போயிடுச்சு."

அண்ணன் அவர் பக்கத்தில் போய் நின்றார். "சொல்லிட்டு எறங்கக்கூடாதா?"

"சொன்னேனே! தலையாட்டுனீங்களே!"

மாமி குறுக்கிட்டார். "போறது, பெருமாள் சேர்த்து வெச்சுட்டார். முதல்ல ஆக வேண்டியதைப் பாருங்கோ."

தட்டை எடுத்தேன். தேங்காயைத் துடைத்து வைத்தேன். இப்போது அடுத்த பிரச்சினை. கிழக்கு எது? சூரியன் போய்விட்டது. பூக்காரம்மா ஒரு திசையைக் காட்டினார், ஆட்டோ டிரைவர் இன்னொன்றைக் காட்டினார். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். மாமிதான் எழுந்து, தூரத்தில் விளக்கு போட்டு நின்ற ராஜகோபுரத்தைப் பார்த்துக் கை கூப்பினார்.

"ராஜகோபுரம் தெற்கு வாசல். அதைப் பார்த்து நின்னா நம்ம முகம் உத்தேசமா வடக்கு. வலது கைப் பக்கம் கிழக்கு. இதுக்கு என்ன சர்ச்சை?"

அண்ணனும் அண்ணியும் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள். நான் தட்டை நீட்டினேன். அண்ணி கையை நீட்டவில்லை.

"நீ மட்டும் குடுக்கிற? வாங்குறவங்க ஜோடியா நிக்கணும்னா, குடுக்கிறவங்களும் ஜோடியா நிக்க வேணாமா?"

எனக்கு உயிரே போய்விட்டது. முறை பார்க்கிற அண்ணியிடம் முட்டி வலியைச் சொல்ல முடியுமா? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. தம்பியைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசைதான் அப்படி வந்திருக்கிறது.

வீடியோவில் மாணிக்கத்தைக் கூப்பிட்டேன். பனியனோடு, கை நிறைய மாவோடு வந்தார்.

"சட்டையைப் போடுங்க! பத்திரிகை வைக்கணும்!"

அவர் ஓடிப்போய் யாரோ வாடிக்கையாளருடைய கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். மாமி என் போனை வாங்கி, எனக்குப் பக்கத்தில் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "ஆத்துக்காரர் வலது பக்கம் நிக்கணும்" என்று சுற்றி வந்து வலது பக்கம் பிடித்தார். பிளாட்பாரமே சிரித்தது. மாமி மட்டும் சிரிக்காமல், ஒரு மாப்பிள்ளையைத் தாங்குகிற பொறுப்போடு நின்றார்.

"அக்கா, மாமா, யாழினி கல்யாணத்துக்கு நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே வந்து நின்னு நடத்தித் தரணும்" என்றார் மாணிக்கம், மாமியின் கையிலிருந்தபடி. நானும் அதையே சொல்லித் தட்டை நீட்டினேன்.

அண்ணன் கை வைத்தார். அண்ணி கை வைத்தார். இருவருமாக வாங்கிக்கொண்டார்கள். பிறகு அண்ணி அந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்தார், மீதியை மாமிக்கு வைத்தார். பூக்காரம்மா ஏனோ கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள்.

இன்னும் அண்ணி வருகிறேன் என்று சொல்லவில்லை. பத்திரிகையைப் பிரித்து, வரி விடாமல் படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்தார். அந்தப் பைக்குள்ளிருந்தே ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

புது பாஸ்போர்ட். பக்கத்தில் இன்னொன்று, அண்ணனுடையது.

"யாழினிக்கு மாப்பிள்ள பாக்கிறீங்கன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே எழுதிப் போட்டேன். எங்க போனாலும் பையில வச்சுக்கிட்டுத்தான் சுத்துறேன். நீ எப்ப வந்து கூப்பிடுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்டி லெச்சுமி."

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். பட்டு கசங்கினால் கசங்கட்டும். போனுக்குள் மாணிக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கடையில் யாரோ "அண்ணே, ரொட்டி கருகுது!" என்று கத்தினார்கள்.

மாமியின் சென்னை ரயில் முதலில் வந்தது. ஏறி, கதவில் நின்று, "கல்யாணப் புகைப்படம் ஒண்ணு அனுப்புங்கோ, நான்தான் மாப்பிள்ளைத் தோழி" என்றார். கலைச்செல்விக்குப் போன் செய்தேன். "வச்சாச்சு" என்றதும் அந்தப் பக்கம் ஒரு கூச்சல். வீட்டில் இருந்த அத்தனை பேரும் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பிறகு தெற்கே போகிற அடுத்த ரயில். மூட்டைகளை ஏற்ற ஆட்டோ டிரைவரே வந்து நின்றார். அண்ணன், அண்ணியின் கைப்பை வாரைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் ஏறினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் அண்ணி கையை நீட்டி என் போனை வாங்கி, தம்பியை மறுபடியும் வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டார்.

"டேய் மாணிக்கம், நீ ஏர்போர்ட்டுக்கு வந்துடணும். எங்க எறங்கணும்னு இப்பவே தெளிவா சொல்லிடு. இனிமே என்னால தடுமாற முடியாது."

மாணிக்கம் மாவுக் கையால் தலையைச் சொறிந்தார்.

"அக்கா... இங்க ஏர்போர்ட்டுல டெர்மினல் ரெண்டு இருக்கு."

"ரெண்டா! ஐயையோ!"

ரயில் அசைந்தது. போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தேன்.

"நீங்க எதுல வேணா எறங்குங்க அண்ணி. ஒண்ணுல அவரு நிப்பாரு, இன்னொண்ணுல யாழினி நிப்பா."